மூடிய புத்தகமும் வெற்றுத்தாளும்: பல்கலைக்கழகத்தில் தூய கணிதம் பயில ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் இரண்டாம் பருவம் முடியும் தறுவாயில் இரண்டு மூன்று மாணவர்கள் தனியாக வந்து ஒரே குறையைச் சொல்வார்கள்: "சார், தேற்றமெல்லாம் தெரியுது, புதுசா ஒரு கணக்குக் குடுத்தா மட்டும் கை ஓட மாட்டேங்குது." பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களே இப்படிச் சொல்கிறார்கள். தேற்றம் தெரியும் என்று அவர்கள் கருதுவது, நிரூபணத்தை வரி பிசகாமல் திருப்பி எழுத முடிகிறது என்பதைத்தான். நிரூபணத்தில் வரும் எழுத்தை மாற்றிக் கொடுத்தாலோ, நிபந்தனைகளில் ஒன்றை உருவிவிட்டாலோ எழுத்து நின்றுவிடுகிறது.

தூய கணிதத்தைப் பொறுத்தவரை, புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதும் நேரமே படிக்கும் நேரம் என்பது என் முடிவு. வகுப்பில் கேட்பதும், நூலைப் புரட்டுவதும், காணொளி பார்ப்பதும் அதற்கான ஆயத்தங்கள். இளங்கலை முதலாண்டிலிருந்து ஆராய்ச்சியின் வாசல் வரை அந்த எழுத்தை எப்படிப் பழகுவது என்பதை, நானும் என் மாணவர்களும் தட்டுத் தடுமாறிக் கண்டுகொண்ட வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: வரையறையை வாய்விட்டுச் சொல்வது

பள்ளிக் கணிதத்தில் வரையறை பாடத்தின் முதல் பத்தியில் வந்து போய்விடும். அதைத் தாண்டிக் கணக்குகளுக்குப் போவதில்தான் எல்லோருக்கும் அவசரம். பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டுகளில் கொடுக்கப்படும் கணக்குகளில் பெரும்பகுதி, வரையறையைச் சரியாக எழுதினாலே பாதி முடிந்துவிடுபவை. ஆகவே "குலம்" (ஆங்கிலத்தில் குரூப்), "தொடர்ச்சி", "ஒருங்கும் தொடர்முறை" (ஓர் எண்ணை மேலும் மேலும் நெருங்கிச் செல்லும் எண் வரிசை) போன்ற எந்தச் சொல் வந்தாலும், அந்த வரையறைக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டுகள் மூன்றையும், நூலிழையில் பொருந்தாமல் போகும் எடுத்துக்காட்டுகள் இரண்டையும் அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொருந்தாத இரண்டைத் தேடுவதுதான் கடினம்; பயனும் அதில்தான் கூடுதல்.

மாணவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் "ஒவ்வொரு" என்பதும் "ஒரு" என்பதும் எந்த வரிசையில் வருகின்றன என்பதுதான். "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாவி உண்டு" என்பது ஒரு கூற்று. "எல்லா வீட்டையும் திறக்கும் ஒரே சாவி உண்டு" என்பது வேறொரு கூற்று. கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் நிறைந்த தெருவில் நடக்கும்போது இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதே மாணவர் வகுப்பறைக்கு வந்ததும் தொடர்ச்சியையும் சீரான தொடர்ச்சியையும் குழப்பிக்கொள்கிறார். சார்பின் மதிப்பு எவ்வளவு நகர அனுமதிக்கிறோம் என்பது எப்சிலான்; அதற்குள் அடங்க, புள்ளி எவ்வளவு நகரலாம் என்பது டெல்டா. தொடர்ச்சிக்கு, புள்ளியையும் எப்சிலானையும் பார்த்த பிறகு டெல்டாவைத் தேடலாம்; அது அந்தப் புள்ளிக்குப் பொருந்தினால் போதும். சீரான தொடர்ச்சிக்கு, எப்சிலானை மட்டும் பார்த்துவிட்டு டெல்டாவைச் சொல்லியாக வேண்டும். அதன்பின் எந்தப் புள்ளியைக் கொண்டுவந்தாலும் அதே டெல்டா திறக்க வேண்டும். ஓர் எண்ணை அதன் வர்க்கத்துக்கு அனுப்பும் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். 10க்கு அருகில் 0.01 நகர்ந்தால் வர்க்கம் ஏறத்தாழ 0.2 நகர்கிறது, 1000க்கு அருகில் அதே 0.01 நகர்ந்தால் வர்க்கம் ஏறத்தாழ 20 நகர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் சாவி உண்டு, எல்லாப் புள்ளிக்கும் பொதுச் சாவி இல்லை என்பதை இந்த இரண்டு எண்களே காட்டிவிடும்.

இதோடு சேர்த்து மறுப்பையும் பழக வேண்டும். "ஒவ்வொரு வீட்டுக்கும் சாவி உண்டு" என்பதன் மறுப்பு "எந்த வீட்டுக்கும் சாவி இல்லை" என்பதன்று. "சாவி இல்லாத வீடு ஒன்றாவது உண்டு" என்பதே. ஒரு தொடர்முறை ஒருங்கவில்லை என்று நிரூபிக்கச் சொன்னால் திகைத்து நிற்பவர்களில் பெரும்பாலோர், ஒருங்குதலின் மறுப்பை ஒரு வாக்கியமாக எழுதிப் பார்க்காதவர்கள்தாம்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு சொல். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதற்காக ஆங்கிலத்தில்தான் யோசிக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை. வரையறையை முதலில் உங்கள் தமிழில் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். "காம்பாக்ட்" போன்ற சொற்கள் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். வாக்கியம் பொருளோடு வந்துவிட்டால், தேர்வுத்தாளின் மொழிக்கு அதை மாற்றுவது இரண்டு வார வேலை. பொருள் வராமல் ஆங்கில வாக்கியத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டவர்கள் மூன்றாண்டு கழித்தும் அங்கேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: ஒரே கணக்கோடு நீண்ட நேரம் உட்கார்வது

பள்ளியில் ஒரு மணி நேரத்தில் பத்துக் கணக்குப் போட்டுப் பழகியவருக்கு, ஒரு கணக்கோடு மூன்று நாள் இருப்பது தோல்வியாகத் தோன்றும். அந்த எண்ணம் மாற, கேள்வி எல்லோருக்கும் புரியும்படியும், விடை உடனே அகப்படாதபடியும் இருக்கும் கணக்கு ஒன்று வேண்டும். என் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இது: அடுத்தடுத்து வரும் சில முழு எண்களை எடுத்துக்கொண்டால், அவற்றுள் மற்ற எல்லாவற்றோடும் சார்பகா எண்ணாக, அதாவது 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாததாக, ஓர் எண்ணாவது கட்டாயம் இருக்குமா?

சின்னதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு எண்கள் என்றால் சிக்கலே இல்லை. மூன்று என்றால் நடு எண் போதும். இங்கேயே ஒரு கருவி கைக்கு வந்துவிடுகிறது: இரண்டு எண்களை ஒரு பகா எண் வகுத்தால், அது அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும். ஆகவே ஐந்து எண்கள் கொண்ட வரிசையில் வித்தியாசம் 4ஐத் தாண்டாது. நாம் அஞ்ச வேண்டிய பகா எண்கள் 2, 3 ஆகிய இரண்டு மட்டுமே.

இப்போது ந, ந+1, ந+2, ந+3, ந+4 என்ற ஐந்தையும் பாருங்கள். ந ஒற்றைப்படை என்றால் நடுவில் உள்ள ந+2 ஒற்றைப்படை. அது மற்றவற்றிலிருந்து 1 அல்லது 2 தொலைவில்தான் இருக்கிறது, ஆகவே 3 அதைத் தொட முடியாது, 2 அதை வகுக்காது. வேலை முடிந்தது. ந இரட்டைப்படை என்றால் ஒற்றைப்படையாக இருப்பவை ந+1, ந+3 இரண்டும். ந+1 கெடுவதற்கு ஒரே வழி, 3 அதையும் ந+4ஐயும் வகுப்பது. ந+3 கெடுவதற்கு ஒரே வழி, 3 அதையும் நவையும் வகுப்பது. இரண்டும் ஒருசேர நடந்தால் 3 என்பது ந, ந+1 என்ற அடுத்தடுத்த எண்களை வகுக்க வேண்டும், அது முடியாது. ஆகவே இரண்டில் ஒன்றாவது தப்பிக்கும்.

இதைப் படித்துவிட்டு "புரிந்தது" என்று தலையாட்டிவிட்டுப் போகாமல், ஆறுக்கும் ஏழுக்கும் நீங்களே எழுதிப் பாருங்கள். ஏழில் 5 உள்ளே வருகிறதா, எந்த இரண்டு இடங்களைக் கெடுக்கிறது, எத்தனை ஒற்றைப்படை எண்கள் மிச்சம் இருக்கின்றன என்று பட்டியல் போட வேண்டியிருக்கும். எட்டு, ஒன்பது என்று போகப் போக, எப்போதும் முடியும் என்ற நம்பிக்கை வளரும். ஒரு கட்டத்தில் அந்த நம்பிக்கை உடைகிறது. எங்கே உடைகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதுவரை தாளும் பேனாவும் உங்களிடம் இருக்கட்டும்.

எவ்வளவு நேரம் முயன்ற பிறகு விடையைப் பார்க்கலாம் என்று கேட்பார்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் எழுத்தோடு முயன்றிருக்க வேண்டும். அதன்பின் ஒரு நாள் அதை ஆறப்போட வேண்டும். மறுநாளும் நகரவில்லை என்றால் விடையின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாம். முழு விடையையும் படித்துத்தான் தீர வேண்டியிருந்தால், ஒரு வாரம் கழித்து அதே கணக்கை வெற்றுத்தாளில் எழுத வேண்டும். எழுத முடியாத கணக்கு போட்ட கணக்கு ஆகாது.

மூன்றாம் படி: நிரூபணம் எழுதுவது

என் தாத்தா தேவகோட்டையில் ஒரு வட்டிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அன்றன்றைய வரவு செலவை நடந்த வரிசையிலேயே குறிப்பில் எழுதுவார். பிறகு ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார். கடைசியில் எல்லாக் கணக்கும் நேராகிறதா என்று பார்க்கும் ஐந்தொகை எடுப்பார். ஐந்தொகையில் ஒரு தம்பிடி தொங்கினாலும் விளக்கை அணைக்க மாட்டார் என்று அப்பத்தா சொல்லும். நிரூபணம் எழுதக் கற்றுக்கொடுக்க இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

முதலில் குறிப்பு. யோசிக்கும் வரிசையிலேயே எல்லாவற்றையும் எழுதுங்கள்: தவறான முயற்சி, பாதியில் நின்ற சமன்பாடு, சிறு எண்களுக்கான சோதனை, ஓரத்தில் வரைந்த படம். இதில் எதையும் அடிக்க வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். ஒரு முயற்சி ஏன் நின்றது என்று ஒரு வரி மட்டும் பக்கத்தில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு கணக்குக்கு அந்தப் பக்கம்தான் கை கொடுக்கும்.

அடுத்தது பேரேடு. யோசித்த வரிசையும் நிரூபிக்கும் வரிசையும் ஒன்றாக இருப்பது அபூர்வம். எப்சிலான் கணக்குகளில் டெல்டாவைக் கண்டுபிடிப்பது பின்னிருந்து முன்னால் வரும் வேலை, எழுதுவதோ முன்னிருந்து பின்னால் போக வேண்டும். சுத்தப் பிரதியில் ஒவ்வொரு வரியும் அதற்கு முந்தைய வரிகளிலிருந்தோ, வரையறையிலிருந்தோ, முன்பே நிரூபித்த தேற்றத்திலிருந்தோ வர வேண்டும். "ஆகவே", "ஏனெனில்", "எனக் கொள்க" என்ற சொற்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அம்புக்குறிகளை மட்டும் அடுக்கி எழுதும் விடைத்தாளில், எது எடுகோள், எது முடிவு என்று எழுதியவருக்கே விளங்குவதில்லை. "தெளிவாகத் தெரிகிறது" என்று எழுதத் தோன்றும் இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் காரணத்தை ஒரு முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராவிட்டால் ஓட்டை அங்கேதான்.

கடைசியாக ஐந்தொகை: தேற்றத்தின் ஒவ்வொரு நிபந்தனையும் நிரூபணத்தின் எந்த வரியில் பயன்படுகிறது என்று சரிபார்ப்பது. இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை, நானும் செய்ததில்லை. முதுகலை முடித்துவிட்டு ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன். மூடிய (தன் முனைகளையும் சேர்த்துக்கொண்ட), வரம்புள்ள இடைவெளியில் தொடர்ச்சியான மெய்ச்சார்பு தன் பெரும மதிப்பை அடைகிறது என்ற தேற்றத்தை நிரூபிக்கச் சொன்னார்கள். கரும்பலகையில் ஒரு பிழையில்லாமல் எழுதினேன். எழுதி முடித்ததும் ஒருவர், "இடைவெளி மூடியது என்பதை எந்த வரியில் பயன்படுத்தினீர்கள்?" என்று கேட்டார். பலகையை மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. மனப்பாடம் செய்த மந்திரத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் கேட்டது போல இருந்தது. அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை, கிடைக்காதது நியாயம்தான்.

அந்தத் தேற்றத்துக்கு ஐந்தொகை எடுப்பது இப்படி. நிபந்தனைகள் மூன்று: மூடியது, வரம்புள்ளது, தொடர்ச்சியானது. ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். 0ஐச் சேர்க்காமல் 0 முதல் 1 வரை உள்ள இடைவெளியில் எண்ணின் தலைகீழியை எடுத்தால், சார்பு 0க்கு அருகில் எல்லையின்றி உயர்கிறது. மூடியது என்ற நிபந்தனை போனதும் தேற்றம் போய்விட்டது. மெய்யெண் கோடு முழுவதையும் எடுத்து, எண்ணை அதே எண்ணுக்கு அனுப்பினால் பெரும மதிப்பே இல்லை; வரம்பு போனதும் போயிற்று. 0 முதல் 1 வரை மூடிய இடைவெளியில், 1இல் மட்டும் 0 என்றும் மற்ற இடங்களில் எண்ணையே மதிப்பாகவும் கொடுத்தால், 1ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம், அடைய முடியாது. தொடர்ச்சி போனதன் விளைவு. இப்போது நிரூபணத்துக்குத் திரும்பி, இந்த மூன்று எதிரெடுத்துக்காட்டுகளும் நிரூபணத்தின் எந்த வரியில் முட்டி நிற்கின்றன என்று பாருங்கள். வரம்புள்ள தொடர்முறையிலிருந்து ஒருங்கும் உள்தொடர்முறை ஒன்றை எடுக்கும் வரியில் ஒன்று நிற்கும். அதன் எல்லை இடைவெளிக்குள்ளேயே இருக்கிறது என்ற வரியில் மற்றொன்று நிற்கும். எல்லையைச் சார்புக்குள் கொண்டுபோகும் வரியில் மூன்றாவது நிற்கும். இதைச் செய்துவிட்டால் நிரூபணத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்று தடைகளையும் தாண்டும் வழியாக அது தானே நினைவில் நிற்கும்.

ஒரு பருவத்தில் ஒரு தாளுக்குப் பதினைந்து முக்கியத் தேற்றங்கள் இருந்தால், பதினைந்துக்கும் இப்படி ஐந்தொகைப் பக்கம் எழுதுங்கள். தேர்வுக்கு முந்தின இரவு படிக்க அந்தப் பதினைந்து பக்கம் போதும்.

நான்காம் படி: நாள்தோறும், கூட்டாக

ஒரு நாளுக்கு ஒரு தேற்றம், ஒரு கணக்கு என்ற அளவே போதுமானது. வகுப்பில் நடந்த நிரூபணத்தை அன்று மாலையே, குறிப்பேட்டைப் பாராமல் எழுதிப் பாருங்கள். நின்ற இடத்தில் மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடுங்கள். புதிய நிரூபணத்தை நூலில் படிக்கும்போது, கூற்றைப் படித்ததும் கையால் கீழ்ப்பகுதியை மறைத்துக்கொண்டு, நீங்களாக இருந்தால் எப்படித் தொடங்குவீர்கள் என்று இரண்டு வரி எழுதிய பிறகே கையை எடுங்கள்.

கூட்டுப் படிப்புக்கு மூன்று பேர் சரியான எண்ணிக்கை. ஒருவர் நிரூபிக்க வேண்டும், மற்ற இருவர் ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மூன்று மாணவர்கள், ஒருவருடைய ஆயா வீட்டு வளவுத் தரையில் சாக்பீஸால் எழுதிக் குலக் கோட்பாடு முழுவதையும் படித்து முடித்தார்கள். ஆயா மாலையில் தரையைக் கழுவிவிடும் என்பதால், மறுநாள் நினைவிலிருந்தே மறுபடி எழுத வேண்டியிருந்தது. அதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தக் கல்லூரியும் செய்து கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் படி: கல்லூரிக்கு வெளியே உள்ள வாசல்கள்

தூய கணிதம் எங்கோ தொலைவில் நடக்கும் காரியம் என்ற தயக்கம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உண்டு. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1950இல் சென்னையில் இராமானுஜன் பெயரில் ஒரு கணித ஆய்வு நிறுவனத்தையே தொடங்கினார்; அதன் முதல் இயக்குநர் டி. விஜயராகவன். அந்த நிறுவனம் பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. காரைக்குடியில் அவர் பெயரால் வழங்கும் கல்லூரிகளைத் தினமும் கடந்து போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

இளங்கலை படிக்கும்போதே முயல வேண்டியவை இரண்டு. ஒன்று, 1993இல் தொடங்கி நடந்துவரும் எம்.டி.டி.எஸ். என்னும் கோடைக் கணிதப் பயிற்சி. அங்கே ஆசிரியர் விடை சொல்வதைவிடக் கேள்வி கேட்பதே அதிகம். முதல் வாரம் அழுகை வரும், நான்காம் வாரம் திரும்பி வர மனம் வராது. மற்றது, இளங்கலை மாணவர்களுக்கென்று நடக்கும் மாதவா கணிதப் போட்டி. பரிசு கிடைக்கிறதா என்பதைவிட, பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு வாரம் இரண்டு கணக்கு முயல்வதே ஆதாயம்.

முதுகலைக்கு ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் தேர்வு உண்டு. 1989இல் தொடங்கி இப்போது சிறுசேரியில் இயங்கும் சென்னைக் கணிதக் கழகத்துக்குத் தனி நுழைவுத்தேர்வு. ஆராய்ச்சிக்குத் தரமணியில் 1962இல் நிறுவப்பட்ட கணித அறிவியல் நிறுவனம், மும்பையில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் முதலியவை. உதவித்தொகைக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வும், அணுசக்தித் துறையின் கீழ் உள்ள தேசிய உயர் கணித வாரியத்தின் தேர்வும் உண்டு. இவற்றின் தேதிகளும் தகுதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பையே பாருங்கள். இந்தத் தேர்வுகளில் பலவற்றில் சிறு விடை வினாக்களே வந்தாலும், எதிரெடுத்துக்காட்டு உடனே தோன்றுகிறவருக்கே அவை எளிது; ஐந்தொகைப் பக்கங்கள் இங்கேயும் உதவும். நேர்காணலுக்கு விடியற்காலைப் பல்லவன் ரயிலில் போகிறவர்கள் வண்டியில் புதிய பாடம் எதையும் தொட வேண்டாம். உங்களுக்கு மிகப் பிடித்த ஒரே தேற்றத்தின் ஐந்தொகையை மட்டும் எடுத்துப் பாருங்கள், "எதில் கேட்கட்டும்?" என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள்.

ஆறாம் படி: கேள்வியை நீங்களே உண்டாக்குவது

விட்ட இடத்துக்கு வருகிறேன். அடுத்தடுத்த எண்கள் 16 வரை இருந்தால், மற்ற எல்லாவற்றோடும் சார்பகா எண்ணாக இருக்கும் ஓர் எண் கட்டாயம் உண்டு. 17இல் உடைகிறது. 2184 முதல் 2200 வரை உள்ள பதினேழு எண்களை எழுதிப் பாருங்கள். இரட்டைப்படைகள் தமக்குள் 2ஐப் பகிர்கின்றன. 2187, 2193, 2199 ஆகியவை 3ஐப் பகிர்கின்றன. 2185, 2195 இரண்டுக்கும் 5 பொது. மிச்சம் 2189, 2191, 2197. 2189 என்பது 11 × 199. அதன் துணை 2200. 2191 என்பது 7 × 313. அதன் துணை 2184. 2197 என்பது 13 × 13 × 13. அதன் துணையும் 2184தான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

இதைக் கண்டு நிரூபித்தவர் எஸ். எஸ். பிள்ளை. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆசிரியராக இருந்த காலத்தில், 1940ஐ ஒட்டி வந்த முடிவு இது. அதே காலத்தில்தான், எண்களை எத்தனை அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்று கேட்கும் வேரிங் கணக்கில், எந்த மிகை முழு எண்ணையும் அதிகம்போனால் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம், அதற்குக் குறைந்தால் போதாது என்பதையும் அவர் நிறுவினார். பதினேழு முதல் 430 வரை ஒவ்வொரு நீளத்துக்கும் இப்படி உடையும் வரிசை உண்டு என்று பிள்ளை காட்ட, பதினேழுக்கு மேற்பட்ட எல்லா நீளத்துக்கும் அது உண்மை என்று ஆல்ஃபிரட் பிரவுவர் நிரூபித்தார். முதலாண்டு மாணவர் ஐந்துக்குப் போட்ட கணக்கும் இவர்கள் செய்ததும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன. இவர்கள் தெருக்கோடி வரை நடந்தார்கள்.

ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கத் தொடங்கும்போது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்க முயலாதீர்கள். முன்னுரையையும் முதன்மைத் தேற்றத்தின் கூற்றையும் படித்து, அதை மிகச் சிறிய எடுத்துக்காட்டு ஒன்றில் கையால் சரிபாருங்கள். ஒரு வாரம் அதற்கே போகலாம். நெறியாளரைத் தேடும்போது அவருடைய புகழைவிட, வாரம் ஒரு மணி நேரம் உங்கள் நிரூபணத்தைக் கேட்க உட்காருவாரா என்பதையே விசாரியுங்கள். கணிதக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்ய உதவும் லேடெக் மென்பொருளில் எழுதுவதை முதுகலையிலேயே பழகிவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு பத்து நாளில் அச்சிட்டுத் தருகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களின் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

சொந்தக் கேள்வி எங்கிருந்து வரும் என்றால், காலடியிலிருந்தும் வரும். ஆத்தங்குடிப் பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் சதுரக் கல், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் வேறுவிதமாகத் தெரியும் பூவேலை கொண்டதாக அது இருக்கட்டும். ஒரு கல்லை நான்கு விதமாகப் பதிக்கலாம். இரண்டுக்கு இரண்டாக நான்கு கல்லைப் பதிக்க 4 × 4 × 4 × 4, அதாவது 256 வழிகள். ஆனால் அந்தச் சதுரத்தை எந்தத் திசையில் நின்று பார்த்தாலும் ஒன்றே என்று கொண்டால், உண்மையில் எத்தனை வேலைப்பாடு?

குலக் கோட்பாட்டில் பர்ன்சைடு பெயரால் வழங்கும் துணைத்தேற்றம், ஒவ்வொரு சுழற்சிக்கும் மாறாமல் நிற்கும் பதிப்புகளை எண்ணிச் சராசரி எடுக்கச் சொல்கிறது. சும்மா விட்டால் 256உம் மாறாது. கால் சுற்றுச் சுற்றினால், ஒரு மூலைக் கல்லின் திசை மற்ற மூன்றையும் முடிவு செய்துவிடுவதால் 4 மட்டுமே நிற்கும். முக்கால் சுற்றுக்கும் அதே 4. அரைச் சுற்றுக்கு எதிர் மூலைகள் இணைவதால் 4 × 4, அதாவது 16. கூட்டினால் 280, நான்கால் வகுத்தால் 70.

இத்தனையும் பாடநூல் பயிற்சி. இனி நிபந்தனையை மாற்றுங்கள். மூன்றுக்கு மூன்று என்றால் நடுவில் ஒரு கல் வந்துவிடுகிறது. எந்தச் சுற்றுக்கும் அது இடம் மாறாமல் திசை மட்டும் மாறும். ஆகவே சும்மா விடுவதைத் தவிர வேறு எந்தச் சுழற்சியிலும் ஒரு பதிப்புகூட மாறாமல் நிற்காது. 262144ஐ நான்கால் வகுக்க வேண்டியதுதான்: 65536. பெரிய சதுரத்துக்குச் சிறியதைவிட எளிதான கணக்கு. இதைக் கண்டதும் என் மாணவி ஒருவர், அரைச் சுற்றுக்கு மாறாத பூவேலை கொண்ட கல்லாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அப்போது ஒரு கல்லுக்கு இரண்டே திசைகள். இரண்டுக்கு இரண்டில் 16, 2, 4, 2 என்று எண்ணி, கூட்டி, வகுத்து 6 என்று அவரே சொல்லிவிட்டார். மூன்றுக்கு மூன்றை உங்களுக்கு விட்டுவைக்கிறேன். விடை 136 என்று வராவிட்டால், அரைச் சுற்றில் நடுக் கல் என்ன ஆகிறது என்பதை மறுபடி பாருங்கள்.